பகையாளி திறந்துவிட்ட சொல்

கருங்கூம்பு மலையில் எங்கள் ஊருக்கு எதிரே, ஓடைக்கு அந்தப் பக்கம் நிற்கிற பெரிய பாறை, மாதியின் ஆடு காணாமல் போன அன்றைக்குத்தான் எங்கள் பேச்சில் பதில் சொல்லத் தொடங்கியது. அவள் ஓடைக்கரையில் நின்று, "எங்கடி போய்த் தொலைஞ்சே, இருட்டறதுக்குள்ள வீட்டுக்கு வா" என்று தமிழில்தான் கத்தினாள். அதுவரைக்கும் போட்ட சத்தத்தை அப்படியே திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்த பாறை, அன்றைக்கு அவள் சொன்னதை வாங்கி, கொஞ்சம் யோசித்து, எங்கள் பழைய பேச்சில் மாற்றி, அவள் குரலிலேயே திருப்பிச் சொன்னது. வீடு என்பதற்கு எங்கள் பேச்சில் இருந்த வார்த்தையை அவள் தன் அம்மா செத்த பிறகு கேட்டதே இல்லை. "ஆமாமா, அப்படித்தான் சொல்லணும், நான்தான் மறந்துட்டேன்" என்று பாறையைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, புதருக்குள்ளிருந்து வந்த ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்க் கட்டி, அடுப்பில் களி கிண்டி இறக்கி, சாப்பிட்டுக் கை கழுவிய பிறகுதான் எங்களிடம் வந்து விஷயத்தைச் சொன்னாள்.

"நல்லதாப் போச்சு" என்றான் கெம்பையன். "ஞாயித்துக்கிழமைச் சண்டை மிச்சம்."

ஞாயிற்றுக்கிழமைச் சண்டை என்று அவன் சொன்னது எங்கள் கூட்டத்தை. எங்கள் பேச்சு எங்கள் ஊரான இந்த ஈத்தக்காட்டில் மட்டும் பேசிய பேச்சு, மலையிறங்கினால் யாருக்கும் தெரியாது. அதை நன்றாகப் பேசத் தெரிந்தவர்கள் ஊரில் மூன்று பேர்தான் மிச்சம் இருந்தோம். மாதி ஒருத்தி, தேயிலை ஃபேக்டரியில் வாட்ச்மேனாக இருந்து வீட்டுக்கு வந்துவிட்ட கெம்பையன் ஒருவன், நான் ஒருவன். பேச்சு எங்களோடு மண்ணுக்குள் போய்விடக் கூடாது என்று மாதிக்குத் தோன்றி, சமுதாயக் கூடத்தில் வாரம் ஒரு நாள் எல்லாரும் உட்கார்ந்து பேசுவது என்று அவளாகவே முடிவு செய்தாள். என்னைக் கூப்பிட்டது என் மேல் உள்ள மரியாதையால் என்று யாரும் நினைக்க வேண்டாம், எங்கள் பேச்சில் திட்டுகிற வார்த்தைகள் முழுசாகத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் கூப்பிட்டார்கள். ஊர் ஜனம் வரும், சுண்டல் தின்னும், நாங்கள் மூன்று பேரும் முழங்காலுக்கு என்ன சொல்வது என்று ஆரம்பிப்போம், எனக்கு ஒன்று ஞாபகம் வரும், அவனுக்கு வேறொன்று ஞாபகம் வரும், அவன் அப்பன் என் அப்பன் வரைக்கும் பேச்சு போய், சுண்டல் தீர்ந்து, கூட்டம் கலைந்துவிடும்.

பாறை வாய் திறந்ததும் இந்தச் சண்டைக்கு வேலை இல்லாமல் போயிற்று. சந்தேகம் வந்தால் ஓடைக்கரைக்குப் போய்க் கத்த வேண்டியதுதான். முழங்கால் என்று கத்தினால் முழங்காலுக்கு உண்டானது வரும், பலாக்கொட்டை என்று கத்தினால் பலாக்கொட்டைக்கு உண்டானது வரும், "மாமியா மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கா" என்று கத்தினால் அதுவும் மாறி வரும், மாமியார் காதிலும் விழும். தேயிலைத் தோட்டத்துக்குப் போகிற பெண்கள் காலையில் ஆளுக்கொரு வார்த்தையைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய், கொழுந்து பறிக்கிற நேரமெல்லாம் அதை வாய்க்குள் உருட்டி உருட்டி, சாயங்காலம் அது பழக்கமாகித் திரும்பி வந்தார்கள். முணுமுணுத்தால் பாறைக்குக் கேட்காது என்பதால், கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சத்தமாகப் பேசியறியாத மருமகள்களுக்கெல்லாம் தொண்டை திறந்துகொண்டது, அப்படித் திறந்த தொண்டை வீட்டுக்கு வந்த பிறகும் மூடவில்லை என்று இரண்டொரு புருஷன்மார் மாதியிடம் வந்து புகார் சொன்னார்கள். செல்போன் என்று கத்தியதற்கு, மடியில் வைத்தால் கூவுகிற குருவி என்கிற மாதிரி ஒன்றைப் பாறை சொன்னது. ஜீப் ஓட்டுகிற லோகு, "வண்டி ஸ்டார்ட் ஆகல" என்று கத்தியபோது முரண்டு பிடிக்கிற எருமையை அதட்டுகிற வார்த்தையைச் சொன்னது, அன்றிலிருந்து லோகு தன் ஜீப்பின் மூக்கில் இரண்டு தட்டுத் தட்டி அந்த வார்த்தையைச் சொல்லித்தான் கிளப்புகிறான். டவுனிலிருந்து ஒருவர் கருவியோடு வந்து பாறையின் குரலைப் பிடித்துக்கொண்டு போனார், நல்ல மனுஷர், எல்லாருக்கும் பிஸ்கட் கொடுத்தார். பாறைக்கு மாலை போட்டுக் கும்பிட வேண்டாமா என்று கூட்டத்தில் ஒரு பேச்சு வந்தது. "அது பாட்டுக்கு வேலை செய்யுது. வேலை செய்யறவங்களுக்கு மாலை எதுக்கு, தலைமேல இருக்கிற முள்ளை வெட்டிவிட்டாப் போதும்" என்றாள் மாதி. வெட்டிவிட்டோம்.

நானும் போவேன். விடிந்ததும் ஓடைக்கரையில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துப் போய், "மூடுபனி" என்று கத்துவேன். "கோமரன்" என்று பதில் வரும். எங்கள் பேச்சில் மூடுபனிக்குக் கோமரன் என்று பெயர். எனக்கும் அதுதான் பெயர், என் அம்மா வைத்தது. அந்தப் பெயரால் என்னைக் கூப்பிட அந்தப் பாறையை விட்டால் வேறு வாய் கிடையாது.

அந்தப் பெயர் எப்படிப் போனது என்று சொல்கிறேன். என் வீட்டுக்கு எதிர்வீட்டில் ஒருவன் இருந்தான், மாதியின் தம்பி, எனக்கு மச்சான் முறை. ரேஷன் கார்டுக்குப் பெயர் எழுத ஆள் வந்த அன்றைக்கு நான் காட்டில் கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டான் மரத்தடியில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, "அந்த வீட்டுக்காரன் பேரு ஓணான், எழுதிக்கங்க" என்று சொல்லிவிட்டான். நான் வாக்குவாதம் செய்யும்போது தலையை மேலும் கீழும் ஆட்டுவேனாம். ரேஷன் கார்டிலிருந்து ஓட்டர் கார்டுக்கு, அதிலிருந்து ஆதாருக்கு, ஆதாரிலிருந்து பென்ஷனுக்கு என்று ஓணான் ஏறிக்கொண்டே போய்விட்டது. திருத்தப் போன இடத்தில், "நீங்க ஓணான் இல்லன்னா அந்த ஓணானைக் கூட்டிக்கிட்டு வாங்க" என்றார்கள். அம்மா செத்துப்போனாள், பெண்டாட்டி இருந்தவரைக்கும் புருஷன் பெயரைச் சொல்லாதவள், ஆக மலை முழுக்க ஓணான், ஓணான் அண்ணன், ஓணான் மாமா. அன்றிலிருந்து அவனும் நானும் பகை, அவன் சாகிற வரைக்கும் வாசலுக்கு வாசல் திட்டிக்கொண்டோம். அவன் பெயரை இப்போது சொல்ல மாட்டேன், சொல்ல வேண்டிய இடம் வரும்போது சொல்கிறேன்.

பாறை பேசத் தொடங்கி ஒரு மழைக்காலம் போன பிறகு, சில வார்த்தைகளுக்கு மட்டும் அது பதிலே சொல்வதில்லை என்பது தெரியவந்தது. முயல் என்று கத்தினால் சத்தம் போய்ப் பாறையில் ஒட்டிக்கொள்ளும், திரும்பி வராது. நிலா என்றாலும் அப்படியே. தண்ணீர் என்றாலும் அப்படியே. பாறைக்கு வயசாகிவிட்டது என்றார்கள் சிலர், சிலர் தொண்டைக்கட்டு என்றார்கள். மாதிதான் கண்டுபிடித்தாள்.

"அதெல்லாம் செத்தவங்க பேருப்பா. இன்னும் யாரும் திறக்கல."

எங்கள் வழக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஆட்களுக்குப் பெயர் வைப்பதென்றால் பேச்சில் இருக்கிற ஒரு வார்த்தையை எடுத்து வைப்போம், முயல், நிலா, பனி என்று. அந்த ஆள் செத்துப்போனால் அந்த வார்த்தையும் அவரோடு மூடிவிடும், அதை யாரும் வாயில் எடுக்கக் கூடாது. அப்புறம் ஒரு நாள் சோறாக்கி, செத்தவருக்கு எவன் பெரிய பகையாளியோ அவனை முதல் இலையில் உட்காரவைத்துச் சாப்பிடச் சொல்லி, சாப்பிட்டு முடித்ததும் அவன் எழுந்து செத்தவரைப் பற்றி ஒரே ஒரு நல்லதைச் சொல்லி, பெயரை ஊர் கேட்கச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் வார்த்தை திறந்துவிடும். பகையாளியின் வாயே அந்தப் பெயரைத் தாங்கிவிட்டதென்றால் மற்ற வாய்க்கெல்லாம் என்ன கெடுதல் வந்துவிடும் என்பது முன்னே இருந்தவர்களின் கணக்கு. தேயிலைத் தோட்டம் வந்து, ஆளுக்கொரு எஸ்டேட்டுக்குப் பிரிந்துபோய், சோறாக்க நேரமில்லாமலும், பகையாளியைத் தேடிப் பிடிக்க முடியாமலும் போனதில், சாவுகள் மட்டும் நிற்காமல் நடந்து, வார்த்தைக்கு மேல் வார்த்தையாக மூடிக்கொண்டே வந்து, மூடிய இடத்திலெல்லாம் தமிழை வைத்து ஒட்டுப்போட்டு, கடைசியில் ஒட்டு மட்டும்தான் மிச்சம் என்று ஆகிவிட்டது. பாறை வந்துதான் எதெல்லாம் மூடிக்கிடக்கிறது என்று எங்களுக்குக் காட்டியது.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தின் வேலை பகையாளி தேடுவது என்று ஆகிப்போனது.

இது லேசான வேலை இல்லை. எஸ்டேட்டில் பத்து ஊர் ஆட்களோடு ஒரே லைன் வீட்டில் இருந்து பழகியதில், எங்கள் ஆட்கள் பகையை மறைத்துச் சிரித்துப் பேசக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். "உங்க தாத்தாவுக்கும் அவருக்கும் ஆகாதாமே" என்று கேட்டால், "அய்யோ, ரெண்டு பேரும் அண்ணன் தம்பி மாதிரியில்ல இருந்தாங்க" என்பார்கள். பகை அப்பனிடமிருந்து பிள்ளைக்கு இறங்கும், பிள்ளை வந்து திறந்தாலும் பாறை ஏற்றுக்கொள்ளும் என்று தெரிந்த பிறகு நிலைமை தலைகீழாக மாறி, முயலைத் திறக்க இரண்டு குடும்பம் வந்து நின்று, "எங்கப்பாதான் பெரிய பகை" "போடா, உங்கப்பனையெல்லாம் அவர் பகையாளியா மதிச்சதே இல்ல" என்று அடித்துக்கொண்டது. இரண்டு பேரையும் இலையில் உட்காரவைத்தோம், இரண்டு பேரும் தின்றார்கள், சொன்னார்கள். பாறை அசையவில்லை. அடுப்படியில் குழம்பு கிண்டிக்கொண்டிருந்த செத்தவரின் பெண்டாட்டி ரங்கி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "நகருங்க, நான்தான்" என்று வந்து முதல் இலையில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டு முடித்து எழுந்து, "எந்த இடத்துல படுத்தாலும் தூங்கிடுவாரு, அது ஒண்ணு நல்ல குணம்" என்று சொல்லிப் புருஷன் பெயரைச் சொன்னாள். பாறை முதல் தடவையாக முயலைச் சொன்னது. ஊரே கைதட்டியது. ரங்கி மறுபடியும் குழம்புக்குப் போய்விட்டாள்.

நிலாவுக்குத்தான் அதிகம் அலைந்தோம். நிலா என்று பெயர் வைத்திருந்தவள் கெம்பையனின் பெரியம்மா, யாரையும் ஒரு சொல் சொல்லாதவள், அவளுக்குப் பகை என்று ஒரு ஜீவன் கிடையாது என்றார்கள். கடைசியில் மலைக்கு அந்தப் பக்கத்து ஊரில் இருந்த அவள் நாத்தனாரைப் போய்ப் பார்த்தபோது, அந்தப் பெண்பிள்ளை முதலில் கையை ஆட்டி மறுத்து, அப்புறம் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்து, "எல்லாரும் அவளை நல்லவ நல்லவன்னு சொல்றதைக் கேட்டுக் கேட்டே என் வயிறு எரிஞ்சுது. இத்தனை வருசமா யாருகிட்டயும் சொல்ல முடியல" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். லோகுவின் ஜீப்பில் முன் சீட்டில் உட்காரவைத்துக் கூட்டிவந்தோம். அவள் திறந்த நிலாவை ஊர் ஜனம் அந்த மாதம் முழுக்க ஒரு காரணமும் இல்லாமல் சொல்லிக்கொண்டு திரிந்தது.

தண்ணீர் மட்டும் பாக்கி. அது எதிர்வீட்டானின் பெயர்.

வழக்கம் விட்டுப்போயிருந்தாலும், அவன் செத்த வருஷம் மாதி தம்பிக்காகச் சோறாக்கி இலை போட்டு எனக்கு ஆள் அனுப்பினாள். நான் போகவில்லை. ஏன் போக வேண்டும்? என் பெயரைப் பிடுங்கிக்கொண்டு போனவனின் பெயரை நான் சோறு தின்றுவிட்டுத் திறந்துவிட வேண்டுமா? சோறு ஆறியது, நாய்க்குப் போட்டார்கள். இப்போதும் மாதி கேட்டாள், முடியாது என்றேன். கெம்பையன், "எனக்கும் அவருக்கும் ஒரு கடப்பாரை விஷயத்துல தகராறு இருந்துச்சே" என்று ஆசையோடு போய் முதல் இலையில் உட்கார்ந்து, கடின உழைப்பாளி என்றோ என்னவோ நல்லதும் சொல்லி, பெயரையும் சொன்னான். பாறை விழுங்கிக்கொண்டு பேசாமல் இருந்தது. திறக்காத பெயர் காதில் விழுந்துவிட்டதே என்று பெண்களெல்லாம் பிள்ளைகளின் காதைப் பொத்தினார்கள். நான் என் வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன், எனக்கு உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது. கடப்பாரையாம்.

அதற்கடுத்த வாரம் எதிர்வீட்டானின் மகள் ஷர்மிளா என் வாசலில் வந்து நின்றாள். தாயில்லாத பெண், அத்தை மாதிதான் வளர்த்தாள். லோகுவைக் கட்டிக்கொள்ளப் போகிறாள் என்பது ஊருக்குத் தெரியும்.

"மாமா, ஒரு விஷயம் பேசணும்."

"உங்கப்பனைப் பத்தின்னா பேச வேண்டாம்."

"என் கல்யாணத்தைப் பத்தி."

"அது உங்கப்பனைப் பத்தித்தான்."

எங்கள் கல்யாணத்தில் மாப்பிள்ளை ஓடைக்கு அந்தக் கரையில் சுரைக்குடுவையோடு நிற்பான். பெண்ணின் அத்தை இந்தக் கரையிலிருந்து, "என்ன கொண்டு வந்தே?" என்று கேட்பாள். அவன் எங்கள் பேச்சில் தண்ணீர் என்று கத்த வேண்டும், அதைப் பாறை ஒரு தடவை திருப்பிச் சொல்ல வேண்டும். பாறைதான் சாட்சி. அப்புறம்தான் பெண் ஓடையைத் தாண்டுவாள். எதிர்வீட்டான் செத்ததிலிருந்து ஈத்தக்காட்டில் எல்லாக் கல்யாணமும் கீழே டவுன் கோயிலில்தான் நடக்கிறது.

"லோகு வீட்ல கோயில்லயே வச்சுக்கலாம்கறாங்க" என்றாள். "நான்தான் முடியாதுன்னுட்டேன். எங்கப்பா பேரை அவர் செத்ததுலருந்து நான் கேட்டதில்ல மாமா. அன்னிக்குக் கெம்பையன் மாமா சொன்னப்பகூட அத்தை என் காதைப் பொத்திட்டாங்க. எனக்கே மறந்துடுமோன்னு இருக்கு. என் கல்யாணத்துல ஒரு தடவை அந்தப் பேரு கேக்கணும்."

"முதல்ல என் பேரை எல்லாரும் சொல்லட்டும். அப்புறம் பார்க்கலாம்."

"என்ன பேரு மாமா?"

எதிர்வீட்டில் பிறந்து வளர்ந்தவள் கேட்கிறாள். சொன்னேன். "கோமரன், கோமரன்" என்று சொல்லிக்கொண்டே போனாள், நேராக அத்தையிடம் போய்ச் சொன்னாள், மாதி ஊரைக் கூட்டி, இனி இவனை எல்லாரும் கோமரன் என்றுதான் கூப்பிட வேண்டும் என்று உத்தரவு போட்டாள். ஊர் ஜனம் நல்ல ஜனம்தான், முயற்சி பண்ணினார்கள். "வாங்க ஓணா... கோமரண்ணே" என்றார்கள். "கோமரன் மாமா வந்திருக்காரு" என்று உள்ளே பார்த்துச் சொன்னால், "அது யாரு?" என்று உள்ளிருந்து கேட்பார்கள், "நம்ம ஓணான் மாமாதான்" என்பார்கள். ஒரு வாரம் பார்த்தேன். பழகின வாய், அதை அறுத்தா போட முடியும்? விட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன். தண்ணீரையும் விட்டுவிடுங்கள் என்றேன்.

அன்றைக்கு மத்தியானம் மாதி வந்து என் முற்றத்தில் உட்கார்ந்து வெற்றிலையைக் கிழித்துக்கொண்டே பேசினாள்.

"ஏப்பா ஓணான், உனக்கும் வயசாச்சு."

"உனக்கு என்னைவிட ஆச்சு, மதினி."

"எனக்குப் பகையாளி இருக்கு, ரெண்டு மருமக இருக்காளுங்க. நீ செத்தா உன் பேரை யாரு திறப்பா?"

நான் முற்றத்தில் கிடந்த சருகைப் பொறுக்கினேன்.

"பனி அப்புறம் மூடிக்கும். இந்த மலையில தினமும் பனி இறங்கும், அதுக்குப் பேரு இருக்காது. பாறையும் சொல்லாது. உனக்குன்னு இருந்த ஒரே பகையாளி என் தம்பி, அவனும் போய்ச் சேர்ந்துட்டான்."

"எனக்கா பகையாளி இல்ல? எத்தனை பேரு வேணும்?"

"கூட்டிக்கிட்டு வா, பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

நான் சும்மா இருப்பேனா? சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். கெம்பையனிடம் போய், "என் மேல உனக்கு என்ன கோபம், மறைக்காமச் சொல்லு" என்று கேட்டேன். "உங்க மேல எனக்கென்ன அண்ணே கோபம், தங்கமான மனுஷன் நீங்க" என்று டீ போட்டுக் கொடுத்தான். கடைக்காரரிடம் போனேன், அவர் கடையில் அரிசியில் கல் இருக்கிறது என்று ஊர் முழுக்கச் சொன்னவன் நான். அவர் சிரித்து, "நீங்க சொன்ன பிறகுதான் சலிச்சு விக்கிறேன், வியாபாரம் நல்லா ஓடுது" என்றார். ஒருவனுடைய கோழியை நான் கல்லால் அடித்திருக்கிறேன், அவன் அதை மறந்தே போயிருந்தான். ரங்கி, "பாவம், தனியாக் கிடக்கிறவரு" என்று சொல்லி ஒரு கிண்ணம் அவரைக்காய்ப் பொரியல் கொடுத்து அனுப்பினாள். இத்தனை வருஷம் இந்த ஊரில் இருந்து, ஒவ்வொருவர் மேலும் தனித்தனியாக மனத்தாங்கல் வைத்து, ஒன்றையும் மறக்காமல் காப்பாற்றி வைத்திருக்கிறேன், பதிலுக்கு ஒருத்தருக்குக்கூட என் மேல் ஒரு மனத்தாங்கல் இல்லை. பொரியல் கிண்ணத்தோடு ஓடைப் பாலத்தில் நின்றேன். இதைவிட ஒரு மனுஷனை அவமானப்படுத்த முடியுமா?

வீட்டுக்குப் போகிற வழியில் எதிர்வீட்டு வாசலில் நின்று, "எப்போ சோறாக்கறே?" என்று ஷர்மிளாவைக் கேட்டேன்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் ஓடைக்கரையில் ஆக்கினார்கள். சாமைச் சோறு, அவரைக்கொட்டைக் குழம்பு, கோழி. முதல் இலையில் நான் உட்கார்ந்தேன். ஊர் சுற்றி நின்றது. நான் அவசரப்படவில்லை, இரண்டாம் தடவை சோறு கேட்டேன், மூன்றாம் தடவை குழம்பு கேட்டேன். "அண்ணே, பாறைக்குப் பசிக்கப் போகுது" என்றான் கெம்பையன். கை கழுவி எழுந்து பாறையைப் பார்த்து நின்றேன். ஒரே ஒரு நல்லது சொல்ல வேண்டும். அவன் முகத்தை நினைத்துப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. அதற்குப் பதிலாக வேறொன்று வந்தது, அதைத் தடுக்க முடியவில்லை. எங்கள் பேச்சில் அவனைத் திட்ட ஆரம்பித்தேன். மரத்தடியில் காலை நீட்டினவனே, ஊரான் பெயரை ஊதித் தள்ளினவனே, உன் வாய்க்கு ஓடைத் தவளை தேவலாம் என்று ஆரம்பித்து, அவன் மூக்கை, நடையை, அவன் வளர்த்த சொறிநாயை, அவன் கட்டின கோணல் வேலியை ஒவ்வொன்றாக எடுத்துத் திட்டினேன். பாறை ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னது. எத்தனையோ வருஷமாக என் வாயில் வராத வார்த்தைகள் எல்லாம் எங்கிருந்தோ கிளம்பி வந்தன, அங்கே நின்றவர்களில் பாதிப் பேருக்கு அர்த்தம் தெரியவில்லை, தெரிந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள், மற்றவர்கள் அவர்களைப் பார்த்துச் சிரித்தார்கள், லோகு போனை எடுத்துப் படம் பிடித்துக்கொண்டிருந்தான்.

"திட்டினது போதும்டா, நல்லதைச் சொல்லு" என்று மாதி கத்தினாள்.

அப்போதுதான் எனக்கு அது கிடைத்தது. எங்கள் பேச்சில் சொன்னேன், உங்களுக்காகத் தமிழில் சொல்கிறேன்.

"இவன் மாதிரி என்னைத் திட்டினவன் இல்ல. விடிஞ்சு முகம் கழுவறதுக்கு முன்னாலயே வாசலுக்கு வந்துடுவான். நேத்துத் திட்டினதை இன்னிக்குத் திட்ட மாட்டான், புதுசா யோசிச்சுக்கிட்டு வருவான். காய்ச்சல்ல கிடந்தப்பகூடக் கட்டிலை வாசலுக்குத் தூக்கிப் போடச் சொல்லித் திட்டினான். எல்லாம் நம்ம பேச்சுலதான். அவன் போனதுக்கப்புறம் இந்தப் பேச்சுல என்கிட்டப் பேச வேண்டியது இருக்குன்னு ஒருத்தனும் வரல."

அப்புறம் பெயரைச் சொன்னேன். "ஈரன்!"

பாறை வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகம் யோசித்தது. அப்புறம், "ஈரன்" என்றது. என் குரல்தான். கோபம் கொஞ்சம் குறைவாகக் கேட்டது, தூரத்தினால் இருக்கும். ஷர்மிளா ஓடைக்குள் இறங்கி முழங்கால் தண்ணீரில் நின்று, "ஈரன், ஈரன்" என்று கத்தினாள், அது தன் அப்பனா தண்ணீரா என்று அவளுக்கே தெரிந்திருக்காது. ஊர் ஜனமெல்லாம் இறங்கி, கையால் வாரி வாரி இறைத்து, அதே வார்த்தையைச் சொல்லி, சோற்றுப் பானையிலும் தண்ணீர் தெறித்துவிட்டது.

மறுநாள் கல்யாணம் முறைப்படி நடந்தது. மாதி கேட்டாள், லோகு கத்தினான், பாறை சாட்சி சொன்னது, பெண் ஓடையைத் தாண்டினாள். பந்தியில் யாரோ, ஓணான் அண்ணன் எல்லாத்தையும் மன்னிச்சுட்டாரு என்று சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. மன்னிக்கவில்லை. ஒரு நல்லதைச் சொல்லச் சொன்னார்கள், சொன்னேன். மற்றதெல்லாம் அப்படியேதான் இருக்கிறது, வேண்டுமானால் வந்து பார்த்துக்கொள்ளட்டும்.

மாதி கேட்ட கேள்வியும் அப்படியேதான் இருந்தது. கல்யாணம் முடிந்த மறுநாள் விடிந்ததும் அதையே யோசித்துக்கொண்டு, இனி எந்த ஊருக்குப் போய்ப் பகையாளி தேடுவது என்று வாசலில் உட்கார்ந்திருந்தேன். லோகு குடிவந்திருந்த எதிர்வீட்டுக் கதவு திறந்தது. ஷர்மிளா தலையை அள்ளி முடிந்துகொண்டு வந்து, அவள் அப்பன் நிற்கிற அதே இடத்தில் நின்று, இடுப்பில் கையை வைத்து, எங்கள் பேச்சில் ஆரம்பித்தாள்.

"டேய் கோமரா! உன் கூரைமேல குரங்குகூட உக்காராதுடா, உன் மூஞ்சியைப் பார்த்தாப் பால் மட்டுமா, பாறையே திரிஞ்சு போகும்!"

உள்ளேயிருந்து லோகு அலறியடித்துக்கொண்டு ஓடிவந்தான். "ஏய், பெரியவரைப் போய் டேய்ங்கறே! மாமா, தப்பா எடுத்துக்காதீங்க..."

"நீங்க சும்மா இருங்க" என்றாள் அவனிடம். "பகை எங்கப்பாகிட்டருந்து எனக்கு இறங்கியாச்சு. இது எங்க குடும்ப விஷயம்."

எனக்குக் கை கால் எல்லாம் சூடாகிவிட்டது. எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அவள் சமைக்கிற குழம்பில் தொடங்கி அவள் புருஷனுடைய ஜீப் வரைக்கும் எங்கள் பேச்சில் வாங்கு வாங்கென்று வாங்கினேன். அவள் விடவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் காபித் தம்ளரோடு வந்து நின்றார்கள். மூச்சு வாங்க இரண்டு பேரும் நிறுத்தினோம்.

"நல்லாத்தான் ஆரம்பிச்சிருக்கே" என்றேன். "ஆனா கடைசியில எனக்கு ஒரு நல்லது சொல்லணும், அது தெரியுமில்ல? ஏதாவது பார்த்து வச்சிருக்கியா?"

"தேடிக்கிட்டே இருக்கேன் மாமா" என்றாள் ஷர்மிளா. "இன்னும் ஒண்ணும் சிக்கல."